ஈயம் நம்ம மண்ணுல, விலை யார் கையில?

தம்பி, நீ கேட்டது மூணு கேள்வி. உலக ஈயத்துல (டின்னைச் சொல்றேன், காரீயம் இல்ல) பாதியும் ரப்பர்ல பாதியும் ஒரு காலத்துல நம்ம மலேசியாவுல இருந்துதான் போச்சுன்னா அந்தக் காசெல்லாம் எங்க போச்சு, தோட்டத்தையும் லம்பத்தையும் (ஈயச் சுரங்கத்தை) வெள்ளைக்காரன்கிட்ட இருந்து திரும்ப வாங்குன பிறகும் ஏன் விலை நம்ம கைக்கு வரல, இதையெல்லாம் நேர்ல பார்க்க ஏதாச்சும் மிச்சம் இருக்கா. வளம் இருக்குற நாடுன்னாலே இப்படித்தான் ஆகும்னு உங்க லெக்சரர் முடிச்சுட்டார்னு எழுதியிருந்த. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இங்க நடந்தது ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் எடுத்த முடிவு, எந்த வருஷம் எந்த ஊர்னு சொல்லிடலாம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி.

நான் பினாங்குக்காரன், அதனால ஈயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். தோண்டுனது பேராக் மாநிலத்துல, ஆனா அதுக்குப் பணம் போட்டது, அரிசியும் அபினும் கடனுக்கு அனுப்புனது, தோண்டுன தாதுவை வாங்குனது எல்லாம் பினாங்கு. 1848 வாக்குல அங்க லாருட்ல லோங் ஜாஃபார் ஈயத்தைக் கண்டுபிடிச்ச பிறகு பினாங்கு தவுக்கேங்க (சீன முதலாளிங்க) பணம் உள்ள பாய்ஞ்சுச்சு, கீ ஹின், ஹாய் சான்னு ரெண்டு சீனச் சங்கம் 1861-ல இருந்து லம்பத்துக்காகவும் தண்ணிக்காகவும் அடிச்சுக்கிட்டாங்க, 1867-ல அந்தச் சண்டை பினாங்குத் தெருவுக்கே வந்துடுச்சு. 1874 ஜனவரியில பங்கோர் ஒப்பந்தம் போட்டு பேராக்குக்குள்ள ரெசிடெண்ட்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரியை, சுல்தானுக்கு ஆலோசகர்ங்கற பேர்ல, உட்கார வச்சாங்க. அமைதிக்காக வந்தாங்கன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப. ஈயம் வரத்து நின்னா நஷ்டப்பட்டது பினாங்கு, சிங்கப்பூர் வியாபாரிங்கதான், தலையிடுங்கன்னு கவர்னருக்கு மனு போட்டதும் அவங்கதான், அதையும் சேர்த்துப் படிக்கணும்.

அடுத்து வந்த ரயில் பாதைங்களைப் பாரு. முதல் பாதை 1885-ல தைப்பிங்ல இருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு, அதுக்கு மண்ணு வெட்டுனது இலங்கையில இருந்து கூட்டிட்டு வந்த ஆட்கள். 1886-ல கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்து கிள்ளான் பக்கம், 1891-ல சிரம்பான்ல இருந்து போர்ட் டிக்சன். ஊரையும் ஊரையும் சேர்க்க யாரும் முதல்ல தண்டவாளம் போடல, லம்பத்துல இருந்து கப்பலுக்குத்தான் போட்டாங்க. வடக்கு தெற்கு இணைப்பெல்லாம் பின்னாடி வந்ததுதான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன், பலபேர் இதைத் தாண்டிப் போயிடுவாங்க. 1900 வாக்குல உலக ஈயத்துல பாதிக்கு மேல மலாயாவுல இருந்து போயிட்டிருந்துச்சு, எல்லாம் தகர டப்பாவுக்காக. அதிகமா வாங்குனவங்க அமெரிக்காக்காரங்க. 1903-ல அவங்க ஒரு கணக்குப் போட்டாங்க, உருக்குன ஈயத்தை எதுக்கு வாங்கணும், தாதுவாவே வாங்கி நம்ம நியூ ஜெர்ஸியில பேயோன்ங்கற ஊர்ல உருக்கிக்கலாமேன்னு. ஆளு அனுப்பி தாது வாங்கவும் ஆரம்பிச்சுட்டாங்க. உடனே இங்க இருந்த காலனி அரசாங்கம் என்ன செஞ்சது தெரியுமா, தாது ஏற்றுமதிக்கு யாராலயும் கட்ட முடியாத அளவுக்கு வரி போட்டுச்சு. சிங்கப்பூர்லயும் பினாங்குலயும் உருக்குனா அந்த வரி கிடையாது. அமெரிக்காக்காரங்க திட்டம் அதோட செத்துச்சு.

இது எதைக் காட்டுதுன்னா, தாதுவைப் பச்சையா வெளிய விடக்கூடாது, உருக்குற இடத்தைக் கையில வச்சிருந்தாத்தான் பிடி இருக்கும்னு வெள்ளைக்காரனுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெளிவா தெரிஞ்சிருக்கு. அதுவும் சும்மா தெரிஞ்சிருக்கல, சட்டம் போட்டுக் காப்பாத்தியிருக்கான். இதை ஞாபகத்துல வை, கடைசியில இந்தோனேசியா நிக்கலைப் பத்திச் சொல்லும்போது தேவைப்படும்.

டத்தோ கிராமாட் ரோட்டுல இருந்த உருக்காலை, இப்போ பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிக்குற இடம், அதை ஆரம்பிச்சது சீனர்கள்தான். 1907-ல யூ தோங் சென் மாதிரி பெரிய தவுக்கேங்க சேர்ந்து ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங்னு கம்பெனியாக்குனாங்க, 1911-ல அது பிரிட்டிஷ் முதலாளிங்க கைக்குப் போயிடுச்சு. என் பெரியப்பா அங்க தராசுப் பக்கம் வேலை பார்த்தவர். தாது மூட்டை மூட்டையா வந்து இறங்கும், பார்க்க கறுப்பு மணல் மாதிரிதான் இருக்கும் ஆனா ஒரு சின்ன மூட்டையைத் தூக்குனா கை இறங்கிடும், அவ்வளவு கனம். குத்தூசி மாதிரி ஒரு குழாயை மூட்டைக்குள்ள விட்டு சாம்பிள் எடுப்பாங்க, ஈரம் எவ்வளவு, ஈயம் எத்தனை சதவீதம், கூட வேற என்ன கலந்திருக்குன்னு சோதிச்சு ஒரு துண்டுக் காகிதத்துல எழுதுவாங்க. லம்பத்துக்காரன் எவ்வளவு வாதாடுனாலும் அந்தக் காகிதம்தான் கடைசி வார்த்தைன்னு பெரியப்பா சொல்வார். சின்ன லம்பத்துக்காரனுக்கு வேற எங்கயும் கொண்டு போக வழி இல்ல. நீ கேட்ட முதல் கேள்விக்கு பாதிப் பதில் அந்தத் துண்டுக் காகிதத்துலயே இருக்கு, தோண்டுறவன் ஒருத்தன், எடை போட்டு விலை எழுதுறவன் இன்னொருத்தன்.

அந்த உருக்காலைக்கும் தென்னமெரிக்காவுல இருக்குற பொலிவியாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னா நம்புவியா? பொலிவியாவுல சைமன் பட்டீன்யோன்னு ஒருத்தர், ஈய ராஜான்னே பேரு, தோண்டுனா மட்டும் போதாதுன்னு புரிஞ்சுக்கிட்டு லிவர்பூல்ல இருந்த வில்லியம்ஸ் ஹார்வி உருக்காலையைப் பிடிச்சார். 1929-ல அந்த லிவர்பூல் ஆலையும் நம்ம பினாங்கு ஆலையும் கன்சாலிடேட்டட் டின் ஸ்மெல்ட்டர்ஸ்னு ஒரே குழுமத்துக்குள்ள வந்துச்சு. அதாவது பொலிவியா மலையில தோண்டுனவனுக்கும் நம்ம பேராக் கிந்தா பள்ளத்தாக்குல தோண்டுனவனுக்கும் விலை எழுதுன கை கிட்டத்தட்ட ஒண்ணு. 1952-ல பொலிவியாவுல புரட்சி நடந்து சுரங்கத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, ஆனா உருக்காலை இங்கிலாந்துல இருந்துச்சே, அதை எப்படி எடுக்குறது? வின்டோங்கற இடத்துல அவங்களோட சொந்த ஆலை ஓட ஆரம்பிச்சதே 1971-லதான். நடுவுல கிட்டத்தட்ட 20 வருஷம் சுரங்கம் மக்களோடது, விலை வேற ஆளோடது.

ரப்பருக்கு வர்றேன். விதை கதை உனக்குத் தெரிஞ்சதுதான், 1876-ல விக்காம் பிரேசில்ல தப்பஜோஸ் ஆத்தோரமா இருந்து எடுத்துட்டுப் போனது, லண்டன் கியூ தோட்டத்துல முளைக்க வச்சு, இலங்கை வழியா 1877-ல சிங்கப்பூர், கோலகங்சார் வந்தது. அதைவிட நம்ம மக்களுக்கு முக்கியமானது 1922. அதுக்கு முன்னாடி விலை விழுந்துடுச்சு, லண்டன் ஸ்டீவன்சன் திட்டம்னு ஒண்ணு கொண்டுவந்து மலாயாவும் இலங்கையும் எவ்வளவு ரப்பர் அனுப்பலாம்னு கட்டுப்பாடு போட்டுச்சு. 1925-ல விலை எகிறுச்சு. அமெரிக்காவுல டயர் கம்பெனிங்க கொதிச்சுப் போயிட்டாங்க, ஃபயர்ஸ்டோன் 1926-ல லைபீரியாவுல பத்து லட்சம் ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துச்சு, ஃபோர்டு அதே தப்பஜோஸ் ஆத்தோரமா ஃபோர்டுலாண்டியான்னு ஊரே கட்டுச்சு, இலை கருகல் நோய் வந்து மரமெல்லாம் போச்சு. டச்சுக்காரங்க திட்டத்துல சேரவே இல்ல, சுமத்ராவுலயும் போர்னியோவுலயும் சின்னச் சின்னத் தோட்டக்காரங்க நட்டுத் தள்ளுனாங்க. 1928-ல திட்டத்தைத் தூக்கிட்டாங்க. அடுத்த வருஷமே உலகப் பொருளாதாரம் கவுந்துச்சு.

அந்த நேரத்துல நம்ம ஆளுங்க நிலைமையை யோசிச்சுப் பாரு. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி, ஜெரெஜாக் தீவுல தடுத்து வச்சு, அப்புறம் கங்காணி பின்னாடி தோட்டத்துக்குப் போனவங்க. விடியக்காலை இருட்டுல பெரட்டுக் களத்துல நின்னு பேர் கொடுத்து, ரப்பர் மரத்துல பால் வெட்டி, மங்குல சேர்ந்த பாலை எடுத்துட்டு ஸ்டோருக்குப் போனா அங்க கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அந்தப் பாலுக்குள்ள ஒரு கண்ணாடிக் கருவியை மிதக்க விட்டு ரப்பர் எவ்வளவு தேறும்னு பார்த்து எழுதுவார். மழைத்தண்ணி கலந்திருக்குன்னு எழுதுனா எழுதுனதுதான். ஈயத்துல துண்டுக் காகிதம்னு சொன்னேன்ல, இங்கயும் அதேதான். 1930-ல ஆம்பளைக்கு 50 காசா இருந்த நாள் கூலியை 40 ஆக்குனாங்க, அப்புறம் அதுக்கும் கீழ போச்சு, பொம்பளைங்களுக்கு எப்பவும் அதைவிடக் குறைவு. 1930-ல இருந்து 1932 வரைக்கும் லட்சத்துக்கும் மேல நம்ம ஆளுங்களைத் திரும்ப இந்தியாவுக்கே கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க, பெரும்பாலும் இந்தப் பினாங்குத் துறைமுகத்துல இருந்துதான். விலை ஏறுனப்போ லாபப் பங்கு லண்டனுக்குப் போச்சு, விலை இறங்குனப்போ சரக்கை மாதிரியே மனுஷனையும் திருப்பி அனுப்பிக்கிட்டாங்க. இதை நினைச்சா எனக்கு இன்னும் கோபம் வரும். 1938-ல கூலியை மறுபடி குறைக்கப் பார்த்தப்போ இந்திய அரசாங்கமே ஆள் அனுப்புறதை நிறுத்துச்சு, அந்த ஒரு தடவையாவது யாரோ கேட்டாங்க.

அப்போ காசு எங்க போச்சுன்னா, கொஞ்சம் கம்பெனிப் பங்குதாரருக்கு, கொஞ்சம் கப்பல், இன்சூரன்ஸ், தோட்டங்களை நிர்வாகம் பண்ணுன ஏஜென்சி ஹவுஸ்னு நடுவுல நின்னவங்களுக்கு. போர் முடிஞ்ச பிறகு இன்னொரு விஷயமும் சேர்ந்துச்சு, பிரிட்டன்கிட்ட டாலர் இல்ல, மலாயா ரப்பரும் ஈயமும் அமெரிக்காவுக்கு வித்து வந்த டாலர்தான் பவுண்டை நம்பியிருந்த ஸ்டெர்லிங் நாடுங்களுக்கே பெரிய வரவு. 1948-ல எமெர்ஜென்சி அறிவிச்சு அவ்வளவு படையைக் கொண்டு வந்து இறக்குனாங்களே, கம்யூனிஸ்ட் பயம் மட்டும்தான் காரணம்னு நான் நம்பல, அந்த டாலரும் காரணம்.

ரெண்டாவது கேள்வி, திரும்ப வாங்குன பிறகும் ஏன். வாங்குனது உண்மைதான், அதுல பெருமைப்படவும் வேணும். 1976-ல அரசாங்கத்தோட பெர்னாஸ் நிறுவனம் லண்டன் டின் கம்பெனியை எடுத்துச்சு, அதுல இருந்து வந்ததுதான் மலேசியா மைனிங் கார்ப்பரேஷன், அப்போ உலகத்துலயே பெரிய ஈயக் கம்பெனி. 1981 செப்டம்பர் 7, லண்டன் பங்குச் சந்தை திறந்து நாலு மணி நேரத்துக்குள்ள பிஎன்பிங்கற அரசாங்க முதலீட்டு நிறுவனம் கத்ரிங்கற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியோட பெரும்பான்மைப் பங்கை வாங்கி முடிச்சுட்டாங்க, ரெண்டு லட்சம் ஏக்கர் கிட்ட தோட்டம். சட்டப்படி நடந்ததுதான், ஆனா அங்க ஒரே கூச்சல், அதுக்கப்புறம் அவங்க பங்கு வாங்குற விதியையே மாத்துனாங்க. அப்போ பிரதமரா இருந்த டாக்டர் மகாதீர் அதுக்குப் பதிலடியா அடுத்த மாசமே பிரிட்டிஷ் சாமானை கடைசியா வாங்குங்கன்னு சொன்னார். எங்க பினாங்குக் காப்பிக்கடைங்கள்ல எல்லாம் அப்போ இதே பேச்சு.

அதே வருஷம் இன்னொண்ணு ரகசியமா நடந்துச்சு, இதைத்தான் நீ நல்லா புரிஞ்சுக்கணும். ஈயத்துக்கு 1956-ல இருந்து ஒரு உலக ஒப்பந்தம் இருந்துச்சு. சர்வதேச ஈய மன்றம்னு லண்டன்ல ஆபீஸ், விக்கிற நாடும் வாங்குற நாடும் ரெண்டுமே உறுப்பினர், விலை விழுந்தா மன்றத்தோட கையிருப்பு மேனேஜர் வாங்கி வைப்பார், ஏறுனா விப்பார். கேக்க நல்லா இருக்கும். ஆனா அமெரிக்கா போர்க் காலத்துக்குன்னு சேர்த்து வச்ச ஈயம் உலகமே ஒரு வருஷம் தோண்டுறதைவிட அதிகம், 1960-கள்ல இருந்து விலை ஏறும்போதெல்லாம் அதுல இருந்து எடுத்து சந்தையில விட்டாங்க. விலை எழுந்திரிச்சா தலையில ஒரு தட்டு. மலேசியாவுக்கு இது பொறுக்கல, அந்தக் கோபத்துல நியாயமும் இருந்துச்சு.

அப்போ மமின்கோன்னு ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) முதலீட்டுல ஒரு கம்பெனி பதிவாச்சு, பேங்க் பூமிபுத்ரா கடன் கொடுத்துச்சு, மார்க் ரிச்ங்கற உலோக வியாபாரியோட ஆளுங்க துணையோட லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச்ல ஈயத்தை வாங்கிக் குவிச்சாங்க. கையில ஈயம் இல்லாமலே வித்து வச்சிருந்த வியாபாரிங்க டெலிவரி கொடுக்க முடியாம மாட்டிக்கிட்டாங்க, விலை ஏறிக்கிட்டே போச்சு. கணக்குப்படி பார்த்தா மலேசியா ஜெயிச்சிருக்கணும். ஆனா 1982 பிப்ரவரியில எக்ஸ்சேஞ்ச் விதியை மாத்துச்சு, டெலிவரி கொடுக்க முடியாதவங்க ஒரு அளவான அபராதம் கட்டிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு. அமெரிக்காவும் கையிருப்புல இருந்து வித்துக்கிட்டே இருந்துச்சு. விலை கவுந்துச்சு, வாங்கி வச்ச ஈயமெல்லாம் நஷ்டம், பல கோடி வெள்ளி. வாங்குனது மலேசியா அரசாங்கம்தான்னு 1986-லதான் மகாதீர் ஒத்துக்கிட்டார்.

இதுல ரெண்டு பக்கமும் சொல்லணும். மக்கள் பணத்தை நாடாளுமன்றத்துக்குத் தெரியாம இப்படிப் பந்தயத்துல வச்சது தப்பு, பெரிய தப்பு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அதே நேரம் ஆட்டம் நடக்கும்போதே விதியை மாத்துற அதிகாரம் யார்கிட்ட இருந்துச்சுன்னும் பாரு. ஈயம் மலேசியாவோடது, உருக்காலை மலேசியாவுலயே இருக்கு, கம்பெனியும் மலேசியாவோடது, சந்தையோட ரூல் புக் மட்டும் லண்டன்ல. அது ஒண்ணே போதுமா இருந்துச்சு.

இன்னும் மோசமானது 1985. ஏறுன விலையைப் பார்த்து மன்றத்துல இல்லாத பிரேசில் பித்திங்கா காட்டுல புதுசா தோண்டிக் கொட்டுச்சு, குளிர்பான டப்பாவெல்லாம் அலுமினியத்துக்கு மாறிடுச்சு, உறுப்பு நாடுங்க ஏற்றுமதியை 40 சதவீதம் கிட்ட வெட்டியும் விலை நிக்கல. கையிருப்பு மேனேஜர் கடன் வாங்கி கடன் வாங்கி ஈயம் வாங்கிக்கிட்டே இருந்தார். 1985 அக்டோபர் 24, பணம் தீர்ந்துச்சுன்னு சொல்லிட்டார். அன்னைக்கே எக்ஸ்சேஞ்ச்ல ஈய வியாபாரம் நின்னுச்சு, மறுபடி தொடங்க 1989 ஆச்சு. கடன் 90 கோடி பவுண்டு கிட்ட. பேங்குங்களும் புரோக்கருங்களும் கேஸ் போட்டாங்க, மன்றம் தனி அமைப்பு, உறுப்பு நாடுங்க அதோட கடனுக்குப் பொறுப்பில்லன்னு 1989-ல பிரிட்டன் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லிடுச்சு, 1990-ல 18 கோடி பவுண்டு சொச்சத்துக்கு சமரசம் ஆச்சு.

பினாங்குக்கு இதுல ஒரு தனி வலி இருக்கு. அதுவரைக்கும் பினாங்கு விலைன்னு ஒண்ணு இருந்துச்சு. வாங்குறவங்க தினமும் காலையில பட்டர்வொர்த் ஆலைக்கும் டத்தோ கிராமாட் ஆலைக்கும் எவ்வளவு வேணும், என்ன விலைன்னு அனுப்புவாங்க, அன்னைக்கு வந்து சேர்ந்த தாதுவோட அளவையும் அந்த விலைங்களையும் பொருத்திப் பார்த்து ஒரு விலை அறிவிப்பாங்க. காகித ஈயம் கிடையாது, நிஜ ஈயம் கைமாறுன சந்தை. 1984 அக்டோபர்ல அதைக் கேஎல்லுக்கு மாத்தி கோலாலம்பூர் டின் மார்க்கெட்னு திறந்தாங்க, இனிமே விலை நம்ம தலைநகர்ல எழுதப்படும்னு பேச்சு. ஒரே வருஷத்துல லண்டன் மூடுனதும் கேஎல் சந்தையையும் மூடிட்டாங்க, சில மாசம் கழிச்சுத்தான் திறந்தாங்க, அதுக்கப்புறம் விலை பயங்கரமா விழுந்துடுச்சு. கட்டடத்தை இடம் மாத்துனா விலை இடம் மாறிடாது. கடன் கொடுக்குற பேங்க், பெரிய அளவுல வாங்கி விக்கிறவன், நெருக்கடியில கையிருப்பைத் திறக்குறவன், இவங்க எல்லாரும் எங்க இருக்காங்களோ அங்கதான் விலை இருக்கும்.

பேராக்ல நூத்துக்கணக்கான லம்பம் மூடுச்சு. பம்பு வச்சு மண்ணை பாலோங்னு சாய்வான நீளத் தொட்டியில ஏத்திக் கழுவுற சின்ன லம்பங்கதான் முதல்ல போச்சு, அதோட சேர்ந்து டூலாங் தட்டோட ஓடையில நின்னு அலசிப் பிழைச்ச பொம்பளைங்க வருமானமும் போச்சு. பொலிவியாவுல இதே 1985-ல ஆரம்பிச்சு 20,000 பேருக்கு மேல அரசாங்கச் சுரங்கத்துல இருந்து வெளிய தள்ளப்பட்டாங்க, நிறைய பேர் சப்பாரே பக்கம் கோக்கா பயிரிடப் போனாங்க. லண்டன்ல ஒரு மேனேஜர் பணம் இல்லன்னு சொன்ன அந்த நாளை ஈப்போவுலயும் பொலிவியாவுலயும் ஒரே மாதிரி அனுபவிச்சிருக்காங்க.

தோட்டத்துலயும் முதலாளி பேர் மாறுனதால கூலி மாறிடல. கத்ரி மலேசியாக் கம்பெனி ஆன பிறகும் பால் வெட்டுறவங்க தினக்கூலிதான், மழை பெஞ்சா அன்னைக்கு வருமானம் கம்மி. அப்புறம் ரப்பரை அழிச்சு செம்பனை (பாமாயில் மரம்), செம்பனையை அழிச்சு டாமான்னு புது வீட்டுக் குடியிருப்பு, லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) மூணு தலைமுறையா இருந்தவங்களுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ். யாரோட கம்பெனிங்கற கேள்விக்குப் பதில் கிடைச்சது, அதுல உழைச்சவனுக்கு என்னங்கற கேள்வியை ரெண்டு முதலாளியுமே கேக்கல.

செம்பனையைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா அங்க கதை கொஞ்சம் வேற. 1980-ல இருந்து செம்பனை எண்ணெயோட வாய்தா வியாபாரம், அதாவது பின்னாடி கொடுக்கப்போற சரக்குக்கு இப்பவே விலை பேசுறது, கேஎல்ல நடக்குது, உலகம் பார்க்குற விலை ரிங்கிட்லதான் இருக்கு. ஈயத்துல முடியாதது இதுல முடிஞ்சுது, சுத்திகரிக்கிற ஆலை, ஆராய்ச்சி, வியாபாரம் எல்லாத்தையும் இங்கயே கட்டுனதால. ஆனா காடு போனது, வெளிநாட்டுத் தொழிலாளிங்க பாடு, ரெண்டும் மிச்சம். 2020-ல கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டுல ரெண்டு பெரிய மலேசியக் கம்பெனிங்களோட எண்ணெயை அமெரிக்கா தடுத்துச்சு. நம்ம தாத்தா பாட்டி இருந்த இடத்துல இப்போ வங்காளதேசத்துப் பையனும் இந்தோனேசியப் பையனும் நிக்கிறாங்க, அவங்களைப் பத்திப் பேசுறப்போ நம்ம ஆளுங்களே முகம் சுளிக்கிறதைப் பார்த்தா எனக்கு மனசு கஷ்டமாகுது.

இப்போ அரிய மண் (ரேர் எர்த்) விஷயம், நீ கேக்கல, ஆனா இதைச் சொல்லாம முடிக்க முடியாது. ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு ஒரு கனமான மிச்ச மணல் தேங்கும், அமாங்னு சொல்வாங்க. அதுக்குள்ள இல்மனைட், சிர்க்கான், கூடவே மோனசைட். மோனசைட்ல அரிய மண் தனிமங்களும் இருக்கு, தோரியம்ங்கற கதிரியக்கப் பொருளும் இருக்கு. ஈப்போ பக்கம் புக்கிட் மேரா கம்பத்துல 1982-ல மிட்சுபிஷி பங்குல இருந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை இதைப் பிரிக்க ஆரம்பிச்சுச்சு. கதிரியக்கக் கழிவை முறையா வைக்கல, எங்களுக்கு ஆபத்துன்னு மக்கள் 1985-ல கோர்ட்டுக்குப் போனாங்க. 1992-ல ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொல்லுச்சு, 1993 கடைசியில உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாத்துச்சு, ஆனாலும் எதிர்ப்பு தாங்காம 1994-ல ஆலையை மூடிட்டாங்க. சுத்தம் பண்ணுற வேலை அதுக்கப்புறம் பல வருஷம் ஓடுச்சு. இப்போ பஹாங் மாநிலத்துல குவாந்தான் பக்கம் கெபெங்ல லைனாஸ் ஆலை 2012-ல இருந்து ஓடுது, தாது ஆஸ்திரேலியாவுல மவுண்ட் வெல்ட்ல இருந்து வருது, சீனாவுக்கு வெளிய இதைப் பிரிக்கிற பெரிய ஆலை அதுதான். சீனா கதவைச் சாத்துனா உலகமே அந்த ஆலையைத்தான் பார்க்குது, கழிவு மட்டும் பஹாங்ல.

2024-ல இருந்து பிரிக்காத அரிய மண்ணை ஏற்றுமதி செய்யக்கூடாதுன்னு மலேசியா தடை போட்டிருக்கு. இந்தோனேசியா 2020-ல நிக்கல் தாதுவுக்கு அதையேதான் செஞ்சது, ஐரோப்பிய யூனியன் உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டுச்சு, 2022-ல இந்தோனேசியாவுக்கு எதிரா தீர்ப்பு, இந்தோனேசியா அப்பீல் போயிருக்கு. இப்போ 1903-ஐ நினைச்சுப் பாரு. பினாங்கு உருக்காலையைக் காப்பாத்த வரி போட்டப்போ அது புத்திசாலி நிர்வாகம், அதையே ஒரு ஆசிய நாடு தன் மக்களுக்காகப் பண்ணுனா வர்த்தக விதிமீறல். எனக்கு இந்தத் தடைங்க சரின்னுதான் படுது. ஆனா தடையோட நின்னா பத்தாது, இந்தோனேசியாவுல நிக்கல் ஆலைங்கள்ல பெரும்பாலும் சீன முதலீடு, அப்போ உருக்கு உலை வீட்டுக்கு வந்தும் லாபம் வேற ஊருக்குப் போகுது. நம்ம நாட்டுல இந்த அரிய மண் ஆலைங்க வரும்போது பங்கு யாருது, கழிவு எங்க போகும், மாநிலத்துக்கு எவ்வளவு, வேலை செய்யறவங்களுக்கு எவ்வளவுன்னு இந்த நாலையும் கேளு, ஒப்பந்தத்தை வெளிய காட்டச் சொல்லிக் கேளு. பெட்ரோலியத்துல 1974 சட்டம் போட்டு பெட்ரோனாஸ் வந்தப்போ மாநிலத்துக்கு 5 சதவீதம்னு முடிவான கணக்கை வச்சு சரவாக் மாநிலம் இன்னைக்கும் கேஎல்லோட இழுத்துக்கிட்டு இருக்கு, ஆரம்பத்துல எழுதுற ஒரு எண்ணு அம்பது வருஷம் நிக்கும்.

இன்னொண்ணு, இப்போ ஈயத்துல ஏறக்குறைய பாதி போறது டப்பாவுக்கு இல்ல, எலெக்ட்ரானிக்ஸ் சோல்டருக்கு. 1972-ல இருந்து பாயான் லெப்பாஸ்ல எத்தனை ஃபேக்டரி, அங்க போர்டு போர்டா ஒட்டுறாங்களே அந்த வெள்ளி நிறக் கம்பி பெரும்பங்கு ஈயம்தான். உன் கையில இருக்குற போன்லயும் இருக்கு.

மூணாவது கேள்விக்கு, பார்க்க இடம் இருக்கு, ஒரே நாள்ல முடிக்கலாம். பினாங்குல டைம்ஸ் ஸ்குவேர் முன்னாடி பர்ச் ஹவுஸ்னு ஒரு பழைய கட்டடம் நிக்கும், அது உருக்காலையோட ஆபீஸ், ஆலையில மிச்சம் அது ஒண்ணுதான். நீ கேஎல்ல இருக்கறதால அதை அப்புறம் வச்சுக்கோ, முதல்ல ஈப்போவுக்கு ரயில் பிடி. அங்க இருந்து கார்ல லாஹாட் வழியா தெற்க போனா புக்கிட் மேரா, அதுக்கடுத்து பாப்பான், அந்த ஏசியன் ரேர் எர்த் ஆலைக் கழிவைப் புதைக்க முதல்ல பார்த்த இடம், ஊர்க்காரங்க 1984-ல விடல. பாப்பான்ல இருந்து பத்து காஜா, அதைத் தாண்டுனா தஞ்சோங் துவாலாங் போற ரோட்டுல 5-ஆம் நம்பர் ஈயக் கப்பல் (மிதந்துக்கிட்டே வாளியால ஈயம் தோண்டுனது), 1938-ல கட்டுனது, 4,500 டன், உள்ள ஏறிப் பார்க்கலாம், வாளிங்க வரிசையா தொங்குறதை நின்னு பாரு. நேரம் இருந்தா கம்பார்ல ஈயச் சுரங்க மியூசியம், பாலோங் எப்படி வேலை செஞ்சதுன்னு அங்க மாதிரி வச்சிருக்காங்க. புக்கிட் மேராவுல வயசானவங்க யாராச்சும் பேசத் தயாரா இருந்தா உட்கார்ந்து கேளு, அவசரப்படுத்தாத, அவங்க வீட்டுல நடந்ததைத்தான் கேக்கப் போற. போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடு, பெரியப்பா வச்சிருந்த பழைய சம்பள ரசீது ரெண்டு மூணு இருக்கு, படம் எடுத்து அனுப்புறேன், உன் கட்டுரைக்கு உதவும்.